அன்ரனெற்றின் பேஜர்

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் பதினொரு நாளாகியும் அன்ரனெற்றின் பேஜர் ஒருதரமாவது சத்தம் போடவில்லை. பத்தாம் வகுப்பில் மற்றவர்களின் இடுப்பில் இருந்ததெல்லாம் ஓயாமல் கூவ, அவளுடையது ஊமையாகத் தொங்கியது. மதியச் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது அவளுடைய புத்தகப்பைதான்.

"உது வேலை செய்யுதோ?" என்று அவள் வகுப்பில் படிக்கும் துர்க்கா கேட்டேவிட்டாள்.

மறுநாள் அன்ரனெற், பள்ளிக்கூட வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து தன் பேஜருக்குத் தானே அடித்தாள். திருப்பி அழைக்கவேண்டிய எண்ணாகப் பேஜரில் விழ, அந்தத் தொலைபேசியின் எண்ணையே அழுத்திவிட்டு மேசைக்கு ஓடி வந்து மூச்சு வாங்கினாள். பேஜர் கூவியது. மேசையே திரும்பிப் பார்த்தது. தினமும் அதே ஓட்டம்.

யாரென்று துர்க்கா கேட்டபோது, "மார்க்கம் ரவுணிலை இருக்கிற ஒரு பெடியன்" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

அந்தப் பெடியன் வெள்ளிக்கிழமை மீன்கடைக்கே வந்துவிட்டான். துர்க்காவின் தாய் அவனைப் பற்றி, மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்ற அன்ரனெற்றின் தகப்பன் அலெக்ஸாண்டரிடம் அக்கறையோடு சொல்லிவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்து பேஜரை வாங்கிப் பார்த்தார். ஒரே எண், ஒன்பது தரம். பெடியனில்லை, சிநேகிதி என்றாள் அன்ரனெற். அப்படியென்றால் தானும் கதைக்கிறேன் என்று அவர் அந்த எண்ணை அழுத்தினார். எடுத்தது தடித்த ஆண்குரல். பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கும் மனிதராகத்தான் இருக்கவேண்டும். தொலைந்தேன் என்று நினைத்தாள்.

அந்த மனிதர் சொன்னதைத் தகப்பன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளையா, ஒவ்வொரு நாளுமா, தனியாகவா என்று தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு தரம் கேட்டார். பிறகு பேஜரை மேசையில் வைத்துவிட்டு மீன் கழுவப் போனார்.

வெட்கத்தில் அவள் தனக்கு அடிப்பதை விட்டுவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை மதியம் பேஜர் தானாகவே கூவியது. தெரியாத எண். செவ்வாயும் அப்படியே. திருப்பி அடித்தால் மணி மட்டும் போனது. உலகத்தில் யாரோ ஒருவருக்குத் தன் நினைவு வருகிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. புதன்கிழமை புத்தகப்பையைத் தூக்கி மடியில் வைத்தாள். துர்க்கா வந்து அந்த நாற்காலியில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒருவர் எடுத்துவிட்டார். 'ஹலோ'விலேயே தமிழ் தெரிந்தது. இப்போது தனக்கு அடித்தது யாரென்று கேட்டாள்.

"இது மிசிசாகாவிலை எங்கடை பக்டரிச் சாப்பாட்டறைப் போன், பிள்ளை. அலெக்ஸாண்டர் அண்ணைதான் தினம் இந்த நேரம் ஒரு நம்பரை அமத்திப்போட்டு, ஒண்டும் கதைக்காமல் வைச்சிட்டு ஓடுறவர். அதுக்குள்ளை, தன்ரை மகளுக்குச் சிநேகிதர் ஓயாமல் அடிக்கினமாம் எண்டு எங்களிட்டைப் பெருமை வேறை."