பெண்கள் பிரிவு சாம்பியன் ரமேஷ்

மூன்று 'ஏ' எடுத்தவர்களுக்கு மூளை நிறைய இருக்கும் என்று நம்புகிறவர்கள், நான் புலமைப்பரிசில் வாங்கிய கதையைக் கேட்டதில்லை. (உண்மையில் நான் வாங்கப் போகவில்லை. அது வீடு தேடி வந்தது. வந்ததை விரட்டி அடிக்க என்னாலான அத்தனையும் செய்தேன்.)

உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் மூன்று ஏ. டிக்கோயா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு முன்பு யாரும் எடுத்ததில்லை. கோயில் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஆசையெல்லாம் கணினிப் படிப்பின் மேல். நான் கேட்ட படிப்பு கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில்தான் இருந்தது. தொழிற்சாலை மெஷின் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம்; எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அந்தப் படிப்புக்கான கட்டணம் மட்டும் முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்டுவிட்டது. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை சொல்லி வைத்தார்.

நான் விடவில்லை. டவுனில் பாய் ஒருவரின் கொமியுனிகேஷன் கடையில் உட்கார்ந்து மூன்று வாரம் இன்டர்நெட்டில் தேடினேன். அதே கம்பஸ், திறமையான பிள்ளைகளுக்குக் கட்டணமே வாங்காத முழுப் புலமைப்பரிசில் கொடுப்பதாகப் போட்டிருந்தது. விண்ணப்பித்தேன். வீட்டுக்கே வந்து சந்திப்பதாகக் கடிதம் வந்தது. கடைசி வரியில், 'குடும்ப வருமானம் கருத்திற் கொள்ளப்படமாட்டாது' என்று இருந்தது. அதை வாசித்து நான் சிரித்தேன். யாரிடம் விடுகிறார்கள் கதை?

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எது இலவசமாக வந்தாலும் இல்லாதவர் வீட்டுக்குத்தான் வரும். அதற்கு முந்தின வருஷம் காற்றில் கூரைத் தகரம் பறந்தபோது, நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்த ஐயா வாசலில் நின்றபடியே எங்கள் டீவியைப் பார்த்தார், பெயரை வெட்டிவிட்டார். அந்த டீவி அப்போது மழையில் நனைந்துகொண்டுதான் இருந்தது.

"இந்தத் தடவ வீட்டுல ஒண்ணுமே இருக்கக் கூடாது" என்றேன்.

"வருமானம் பாக்க மாட்டோம்னுதானே புள்ள எழுதியிருக்காங்க?" என்றார் அம்மா.

"அப்புடித்தாம்மா எழுதுவாங்க. உள்ள வந்ததும் மொதல்ல மூலையில டீவி இருக்கான்னுதான் பாப்பாங்க."

மூன்று ஏ எடுத்த பிள்ளை சொன்னால் எதிர்த்துப் பேச முடியுமா? விடிந்ததும் டீவி, ஃபிரிஜ், சோபா எல்லாம் பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை வீட்டுக்குப் போயின. கடைசியில் மிஞ்சியது ஷோகேஸ். அதில் நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து வாங்கிய கப்புகளும் கேடயங்களும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா அவற்றைத் தானே துடைத்து வைப்பார்.

"கப்பையுமா?" என்று கேட்டார்.

"பளபளன்னு இருக்குல்லப்பா. தங்கம்னு நெனச்சுட்டாங்கன்னா?"

அப்பா ஷோகேஸின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். என் சான்றிதழ் கோப்பும் அதன் கீழ்த்தட்டிலேயே போனது. யாரும் கவனிக்கவில்லை.

"யாரு கேட்டாலும் எல்லாம் ஒங்க சாமான்னு சொல்லணும் அத்த" என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

"தலையே போனாலும் மாத்திச் சொல்ல மாட்டேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு, அத்தை வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஒரு மேடம் வந்து இறங்கினார். பெயர் ஃபரீதா. கடன் வாங்கிய ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்கார வைத்தோம். சுவரில் ஷோகேஸ் இருந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட் மாதிரிப் பளிச்சென்று இருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையில் ஃபிரிஜ் போகுமுன் எடுத்து வைத்த ஐஸ் தண்ணீரில் அம்மா தேசிக்காய் பிழிந்து ஒரு கிளாஸ் கொடுத்தார்.

"நல்ல ஜில்லுன்னு இருக்கே" என்றார் மேடம்.

"இங்க குளிருங்க மேடம். தண்ணி தானா அப்புடி ஆயிரும்" என்றார் அப்பா. (எனக்கே கை தட்ட வேண்டும் போல இருந்தது.)

பிறகு நான் ஆரம்பித்தேன். படிக்க மேசை இல்லை, லைட் இல்லை, சில நாள் சாப்பாடும் இல்லை. சாப்பாட்டைச் சொன்னதும் அம்மாவின் முகம் கறுத்தது.

மேடம் பேனாவை மூடினார். "அதெல்லாம் சரி மகள். மாகாண சதுரங்கப் போட்டியில முதலிடம்னு போட்டிருக்கீங்களே. கப்பு, சான்றிதழ் எல்லாம் பாக்கலாமா? நாங்க திறமையத்தானே பாக்க வந்தது."

எனக்கு அப்போதுதான் கோப்பின் ஞாபகமே வந்தது.

"பக்கத்து வீட்டுல இருக்குங்க" என்றார் அப்பா. வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

மேடம் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு டீவி, இரண்டு ஃபிரிஜ், சோபா மேல் சோபா. நடுவில் அம்மன் மாதிரி என் ஷோகேஸ். அந்த நேரம் பார்த்து, பகல் சாப்பாட்டுக்கு பாக்கியம் அத்தை வந்து சேர்ந்தார். வெளியூர்ப் பெண்ணைக் கண்டதும் அவருக்கு நான் சொன்ன பாடம் ஞாபகம் வந்துவிட்டது.

"என்ன பாக்குறீங்க? எல்லாம் எங்க சாமாங்க."

"அந்தக் கப்புகளுமா?"

"எல்லாம் என் மகன் வாங்குனதுங்க." (மகன் ரமேஷ், சாதாரண தரப் பரீட்சையில் கணக்கோடு மூன்று முறை மோதிவிட்டு, கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் இருந்தார்.)

நான் பின்னால் நின்று கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். நான் பயப்படுகிறேன் என்று நினைத்த அத்தை, கதவைத் திறந்து தைரியமாக உள்ளேயே கூட்டிக்கொண்டு போனார். மேடம் ஒரு கப்பை எடுத்தார்.

"சதுரங்கம், பெண்கள் பிரிவுன்னு போட்டிருக்கே?"

"அவன் எல்லாப் பிரிவுலயும் கலந்துக்குவாங்க."

"சுகந்தின்னு பேர் இருக்கே?"

"அது வீட்டுல கூப்புடுற பேருங்க."

என் வாழ்க்கையின் மொத்தத் திறமையும் ரமேஷ் பெயருக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. புடவைக் கடை கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே தகரத்தில் ஆரம்பித்து ஜில் தண்ணீர் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை அப்போதும் விடவில்லை. "புள்ள பயத்துல ஒளறுதுங்க" என்றார்.

மேடம் சோபா மேல் இருந்த சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கோப்பை வாங்கி, ஒவ்வொரு சான்றிதழாக நின்றபடியே வாசித்தார்.

"இதப் பாக்கத்தான் விடியக்காலம ஸ்டேஷன்ல நின்னு கோச்சி ஏறி வந்தேன். இத ஒளிச்சு வைக்க எப்படி மகள் மனசு வந்தது?"

அப்பா ஒரு கேடயத்தை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தில் பெரியது அதுதான்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. முழுப் புலமைப்பரிசில். படித்து முடித்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். அப்பா ஷோகேஸை வாசலுக்கு நேரே வைத்துவிட்டார். கதவு பாதிதான் திறக்கும். கொஞ்சம் உடம்பான சொந்தக்காரர்கள் பக்கவாட்டில்தான் வர வேண்டும்.

சதுரங்கக் கப்பு மட்டும் திரும்பி வரவில்லை. அவ்வளவு அடித்துச் சொன்ன பிறகு அத்தைக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. "ஒண்ணு இங்கயே இருக்கட்டும் பாப்பா" என்றார். வட்டவளையிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்து, "மாப்புள சதுரங்கமெல்லாம் ஆடுவாரா?" என்று கேட்க, "சாம்பியன்ங்க" என்று சொல்லி அத்தை கல்யாணத்தையே முடித்துவிட்டார். மூன்றாம் நாள் மருமகள் தூசி தட்டும்போது கப்பில் இருந்த சின்ன எழுத்தை வாசித்திருக்கிறாள். அன்றிலிருந்து, லீவுக்கு வீட்டுக்கு வரும் ரமேஷ் கடைக்குப் போய் உப்பை மறந்து வந்தால், "வந்துட்டாருங்க பெண்கள் பிரிவு சாம்பியன்" என்று லயம் முழுக்கக் கேட்கும்.

போன தீபாவளிக்கு ரமேஷ் அண்ணன் ஒரு சதுரங்கப் பலகையோடு என்னிடம் வந்தார். "அத எப்புடியாவது எனக்குக் கத்துக் குடுத்துரு சுகந்தி. மானம் போவுது."

கற்றுக் கொடுத்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் கற்றுக்கொண்டாள். இன்றுவரை அவளை அவரால் ஜெயிக்க முடியவில்லை. கப்பைத் திருப்பிக் கேட்கலாமா என்று அம்மா கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது சரியான ஆளிடம்தான் இருக்கிறது.