வாவியில் விழுந்தவர்

உலகத்திலேயே ஆழம் பார்க்காமல் தண்ணீர் குடிக்காத ஒரே மனிதர் எங்கள் தண்டையல் அண்ணைதான்.

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் லாஞ்சிப் படகை ஓட்டியவர்; அதனால்தான் 'தண்டையல்'. சட்டைப் பைக்குள் எப்போதும் ஓர் ஈயக்குண்டும், முடிச்சுப் போட்ட நூலும் இருக்கும். தண்ணீரைக் கண்டால் குண்டை இறக்கி முடிச்சை எண்ணாமல் அப்பால் நகரமாட்டார். லிங்கநகரில் ஒரு சிநேகிதர் வீடு குடிபுகுந்தபோது நாங்கள் எல்லாரும் பலகாரத்தோடு இருக்க, இவர் கிணற்றில் குண்டு விட்டுக்கொண்டு நின்றார். எந்த வெயிலிலும் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். அவருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று.

"முப்பது வருஷம் தம்பி! ஒருநாள் தவறித் தண்ணியில விழுந்திருப்பனே? ஆரையும் கேட்டுப் பாரும்."

நான் அதே துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். கடலுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, காற்றடித்தால் என் கடதாசிகள் பறக்கும் என்பதுதான். நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கலியாணம் பேசிய தரகர், "மாப்பிள்ளைக்குக் கடல் என்றால் வீட்டு முற்றம் மாதிரி" என்று எழுதிவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு நுவரெலியாவில் தபால் கந்தோர் வேலை. அவரிடமிருந்து பதில் வந்தது: "சித்திரை விடுமுறைக்கு வாருங்கள். வாவியில் வள்ளம் விடலாம். மகளுக்கும் அதுதான் பிரியம்." பெண்ணின் படத்தை நான் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

தண்டையல் அண்ணையின் காலில் விழுந்தேன். அவர் சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வாங்குப் பலகையில் என்னை இருத்தி, துடுப்புக்குப் பதிலாக நிலம் கூட்டும் தும்புத்தடிகள் இரண்டைக் கையில் தந்தார். "தண்ணியில பழகினால் துறைமுகம் முழுக்கச் சிரிக்கும். இதில பழகும். இழும்! முதுகை வளையாதையும்!" இரண்டு கிழமையில் அந்த வாங்கை நான் அமெரிக்கா வரைக்கும் வலித்திருப்பேன்.

துணைக்கு அவரும் வந்தார். மலைவளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம், "சுக்கானை வெட்டு! வெட்டு!" என்று கத்தினார். பாஷை விளங்காத சாரதி, யாரோ இறங்கவேண்டும் என்று நினைத்து நாலு தரம் நிறுத்தினார். நுவரெலியாக் குளிரில் என் பல் அடித்த தாளத்தைக் கேட்டு, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பித்தளைப் பொத்தான்களோடு நான் பாதிக் கப்பல் தலைவனாகத்தான் வாவிக்குப் போனேன்.

அங்கே குதிரையில் போகிறவர்கள், வள்ளம் விடுகிறவர்கள், கூடையோடு புல்லில் இருப்பவர்கள் என்று நல்ல சனம். பெண்ணும் தகப்பனாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தண்டையல் அண்ணை மெல்லிய சட்டையோடு நடுங்கியபடி வள்ளத்துறையில் குந்தி, வாவிக்குள் ஈயக்குண்டைத் தூரத் தூர வீசி இறக்கினார். முடிச்சை உரக்க எண்ணினார். சனம் சிரித்தது.

"ஆர் தம்பி அவர்?" என்று தகப்பனார் கேட்டார்.

"கூட வந்தவர். கொஞ்சம் ஒரு மாதிரி," என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், அண்ணை நூலைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு துறையோரம் போய் நின்றார்.

வள்ளத்தில் பெண்ணும் தகப்பனாரும் ஏறினார்கள். நான் துடுப்புப் போட்டேன். நம்பமாட்டீர்கள், வள்ளம் போனது! கரையிலிருந்து இருபது முழம் போனதும், பெண் சிரித்துக்கொண்டே, "வடிவாத்தான் வலிக்கிறீங்கள்," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமான் அறையில் பாடம் முடிந்ததும் எழும்புவதுபோல, வாங்கிலிருந்து எழும்புவதாகவே நினைத்து எழுந்து நின்றேன்.

வாங்கு ஆடாது. வள்ளம் ஆடும்.

தண்ணீருக்குள் நான் போட்ட கூச்சல் குதிரைப் பந்தயத் திடலுக்கும் கேட்டிருக்கும். "ஐயோ, நீந்த ஏலாது! சாகப்போறன்!" இரண்டு தரம் வாவியைக் குடித்தேன். அப்போது துறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எழும்பி நில்லும் தம்பி! நான் அளந்தனான்! அதில நாலடிதான்!"

நின்றேன். தண்ணீர் நெஞ்சளவில் இருந்தது.

இனிக் கலியாணமாவது கத்தரிக்காயாவது என்று, பாசி வழிய நின்றேன். வள்ளத்தில் இருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி தகப்பனாரிடம் சொன்னாள்: "அப்பா, இவர் எனக்கு ஒண்டையும் ஒளிக்க மாட்டார். ஒளிச்சாலும் இப்பிடித்தான் பிடிபடுவார். எனக்குச் சரி."

கோட்டுத்தான் பிழைக்கவில்லை. காய்ந்தபோது சுருங்கி, கை முழங்கைக்கு ஏறிவிட்டது. அதையே போட்டுக்கொண்டு தண்டையல் அண்ணை வேலைக்கு வந்தார்.

"என்ன அண்ணை, கோட்டுக்கு என்ன நடந்தது?" என்று துறைமுகமே கேட்டது.

"நுவரெலியா வாவியில விழுந்திட்டன்," என்றார்.

துறைமுகம் அதிர்ந்தது. முப்பது வருஷப் பெருமை போய், அன்று முதல் அவர் 'வாவித் தண்டையல்' ஆனார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது, என் காலை மிதித்தார்.

"சும்மா இரும். நீர் கலியாணம் கட்டப்போறவர். கந்தோரில மரியாதையா இருக்கவேணும்."

நானும் சும்மா இருந்தேன். அவர் ஓய்வு பெறும்வரைக்கும், வெட்கமில்லாமல், சும்மா இருந்தேன். பிரியாவிடையன்று அந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். அண்ணை இப்போது இல்லை.

துறைமுகத்தார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். வாவியில் விழுந்தது நான். என் தண்டையல் அண்ணை ஒருநாளும் தவறி விழவில்லை.