ஒடுக்கு அண்ணாச்சியின் தாடை

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய எந்தக் கண்டெய்னரும் ஒடுக்கு அண்ணாச்சியிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. பெட்டிகளில் ஒடுக்கும் புடைப்பும் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் அவர். கல்யாண வீட்டில்கூடப் பாயசவாளியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். கப்பல் செய்தி சேகரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் நிருபனான என்னையும் விடமாட்டார்.

"ஏலே, ஒன் ஸ்கூட்டர்ல மூணு ஒடுக்கு. நேத்து ரெண்டுதான இருந்துச்சு?"

மனைவி இறந்து எட்டு வருடம் தனியாக இருந்தவருக்கு மில்லர்புரத்தில் ஒரு வரன் அமைந்தது. கணவரை இழந்த பள்ளி ஆசிரியை. பார்க்க வரச் சொன்னார்கள். அண்ணாச்சி கண்ணாடியில் தன் முகத்தைச் சர்வே செய்தார். பருக்குழிகள் தேறாது என்று முடிவுகட்டி, ஓர் அழகு நிலையத்தில் லேசர் சிகிச்சை செய்துகொண்டார். புண் ஆறிய இடத்தில், தாடையில் சுண்டுவிரல் நீளத்துக்குத் தழும்பு புடைத்தது.

தோல் டாக்டர் தெளிவாகச் சொன்னார். "மாசம் ஒரு ஊசி, மேல ஒட்ட சிலிக்கான் பட்டை. ஒரு வருசத்துல மெல்ல அமுங்கும். வெறுமனே வெட்டிராதிய, இன்னும் பெருசா வளரும்."

"தகடு புடைச்சா அறுத்துத் தேய்ச்சிருவோம். இதுக்குப் போயி ஒரு வருசமால?" என்று என்னிடம் பொருமியவர், அதே அழகு நிலையத்துக்குப் போய்த் தழும்பைச் சீவி எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் அது கட்டைவிரல் பருமனில் திரும்பி வந்தது. அப்புறம்தான் ஊசிக்கு உட்கார்ந்தார்.

மில்லர்புரத்துக்கோ சாக்குகள் போய்க்கொண்டிருந்தன. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை கப்பல். இல்லாத அத்தை ஒருத்தியை இரண்டு முறை சாகடித்தார்.

"இப்படியே போய் நில்லுங்களேன், அண்ணாச்சி."

"ரிப்பேர் முடியாத பெட்டிய எவம்ல ஏத்துவான்?"

ஒரு வருடத்தில் தழும்பு பாதிக்குமேல் அமுங்கியது. புதுச்சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் போனார். கதவைத் திறந்தது அந்த ஆசிரியைதான். கழுத்தில் புதுத் தாலி. அண்ணாச்சி தான் யாரென்று சொன்னதும், அவருடைய தாடையைச் சற்று நேரம் பார்த்தார்.

"இதுக்கா வரல? என்னையப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்."

காபி கொடுத்தார். குடித்து முடித்த பிறகும் அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த மாதமும் ஊசிக்குக் கிளம்பினார்.

"இனிமே யாருக்கு, அண்ணாச்சி?"

"டாக்டர் வரச்சொல்லிருக்காருல்லா. அவரையாவது காக்க வைக்காம இருக்கணும்ல."

தழும்புக்குள் இறங்கும் ஊசி கடுமையாக வலிக்கும். அன்று நான் செய்திக்குப் போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.