கீரிக்கண்ணன் அறுத்த கயிறு

நாய் குரைத்த வேகத்தில், பழனியாண்டிக் கங்காணியின் கையிலிருந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் அத்தனையும் தரையில் சிதறின.

"வந்துட்டாங்க! அழகம்மா, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க!"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா 'வாங்க'ன்னு சொல்லுங்க. எதுக்கு இந்த ஆட்டம்?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"மொதல்ல இந்தச் சனியனை ஒளிக்கணும்டி!"

சனியன் என்றது, கொழும்பிலிருந்து வாராவாரம் பஸ்ஸில் வரும் கீரிக்கண்ணன் கதையை. கறுப்பு அங்கியும் இருட்டில் தெரியும் கண்ணும் கொண்ட திருடன் அவன். கடத்தல்காரர்களிடமே திருடுவான். பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பான். மீதிப் பாதியைக் கூச்சமே இல்லாமல் தானே வைத்துக்கொள்வான். அதே கதையில் சட்டம் பேசும் வீரன் மின்னல் வேலனும் வருவான். ஆனால் கங்காணியின் மகள் பூரணிக்குக் கீரிக்கண்ணன் என்றால்தான் உயிர்.

அந்த உயிரால் இரண்டு வரன்கள் கைநழுவிவிட்டன. பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையிடம், "கீரிக்கண்ணனைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள். "எந்தத் தோட்டத்து ஆளு?" என்றான் அவன். அத்தோடு சரி. இரண்டாமவன், "அது சின்னப் புள்ளைங்க படிக்கிறதுல்ல?" என்று சிரித்தான். கொடுத்த தேத்தண்ணியை அவன் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று வருவது மூன்றாவது. ஹட்டனிலிருக்கும் மைத்துனர், மாப்பிள்ளை பேரைக்கூட எழுதாமல், கடிதத்திலேயே பேசி வைத்த, வலப்பனைப் பக்கத்துச் சம்பந்தம். இதுவும் கலைந்தால் காலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது.

பிரஜாவுரிமைப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியில் இடமில்லை. அரிசிப் பானையில் நுழையவில்லை. கடைசியில் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் விரித்திருந்த புதுப் பாயின் அடியில் எல்லாவற்றையும் பரப்பி, மேலே இரண்டு மிதி மிதித்தார்.

மூடுபனிக்குள்ளிருந்து இரண்டே பேர் வந்தார்கள். கம்பளி போர்த்திய அம்மாள் ஒருத்தி. பின்னால் வாழைச்சீப்போடு சுருட்டைமுடி இளைஞன் ஒருவன். 'ரெண்டே பேர்! படாடோபம் இல்லாத குடும்பம்' என்று மகிழ்ந்தார் பழனியாண்டி.

"கும்புடுறேங்க. எம் பேரு அம்மாக்கண்ணு. இவன் எங்க அண்ணன் மவன் வீரமலை. பூரணிங்கிற பொண்ணு வீடு இதுதானுங்களே?"

"இதேதாங்க! வாங்க, வாங்க!"

"ஒங்க பொண்ணைப் பத்தி எங்க தோட்டம் வரைக்கும் பேசிக்கிறாங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுப்..."

என்ன பேசிக்கொள்கிறார்களோ என்று பயந்த கங்காணி அவளை முடிக்க விடவில்லை. "அதெல்லாம் அப்புறம் ஆறுதலாப் பேசலாங்க! மொதல்ல ஒக்காருங்க!"

அம்மாக்கண்ணு உட்கார்ந்தாள். பாய் 'சரக்'கென்று வழுக்கியது.

"பாய்க்குக் கீழ பலகை ஏதும் வச்சிருக்கீங்களா?"

"குளிருக்குங்க! இந்தத் தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான்!"

வீரமலை குனிந்து பாயின் ஓரத்தைத் தூக்கினான். அவன் கண் இரண்டும் விரிந்தன.

"மாமா! கீரிக்கண்ணன்!"

இப்போதே மாமா! பழனியாண்டிக்கு மனம் குளிர்ந்தது, நெற்றி வேர்த்தது.

"அது... அது நான் படிக்கிறது தம்பி. பொழுது போகாட்டிப் படிப்பேன்."

"நீங்களா! அப்ப நீங்களே நியாயம் சொல்லுங்க மாமா. கயித்தை அறுத்தது துரோகம்தானே?"

"எந்தக் கயித்தை?"

"நீர்வீழ்ச்சியில! மின்னல் வேலன் தொங்கிக்கிட்டு இருந்தானே!"

"அட பாவமே! அவன் வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களா?"

சேலைத் திரை விலகியது. "அப்பா, தெரியாட்டி சும்மா இருங்க!" என்று பூரணி வெளியே வந்துவிட்டாள். தலையில் பூ, கையில் தேத்தண்ணி, கண்ணில் நெருப்பு. "யாரு துரோகி? கீரிக்கண்ணனா? நீங்க மின்னல் வேலன் ஆளா?"

"ஐயோ, இல்லீங்க! நானும் கீரிக்கண்ணன் ஆளுதான்!"

"சண்டை போடுறப்போகூட வேலனுக்குத் தலைமுடி கலையாது. போலீசுக்கு எழுதிக் குடுத்து, அனுமதி வாங்கிக்கிட்டு, அப்புறம்தான் ஒருத்தரைக் காப்பாத்துவான்!"

"அது சரிங்க. ஆனா பதினெட்டாம் வாரம் வேலன் கயித்துல தொங்குறான். இருபதாம் வாரம் கையில கட்டோட ஆசுபத்திரியில கெடக்குறான். நடுவுல இவன் அறுத்துட்டான்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"நடுவுல பத்தொன்பதாம் வாரம் இருக்கே. படிக்கலியா?"

வீரமலையின் முகம் தொங்கியது. "மண்சரிவுல பஸ் வரலீங்க. எங்க பக்கம் ஒருத்தருக்கும் அந்தப் புத்தகம் கெடைக்கல."

"அதான் இந்தப் பேச்சு! அறுத்தான், சரி. ஆனா கீழ ரோட்டுல பஞ்சுமூட்டை லொறி நின்னுச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அறுத்தான்!"

"லொறி தற்செயலா நின்னிருக்கும்."

"தற்செயலா!"

சம்பந்தம் கண்ணெதிரே நழுவுவதைப் பழனியாண்டி பார்த்தார். "தம்பி சொல்றதுதான் சரி. அறுத்தது தப்பு" என்றார். பூரணி முறைத்தாள். "ஆனா பாப்பா சொல்றதும் சரி" என்றார். வீரமலை முறைத்தான். "அட, ரெண்டு பேருமே நல்லவங்கதான், விடுங்க!"

"எப்படி மாமா?" "எப்படிப்பா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தார்கள். அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நிலைமையைச் சரிசெய்ய அழகம்மா வடைத் தட்டோடு ஓடி வந்தாள். தட்டைப் பார்த்ததும் பூரணி வீறிட்டாள்.

"அம்மா! வடைக்குக் கீழ என்ன காகிதம்?"

"எண்ணெய் வடியட்டும்னு அடுப்படியில கெடந்த புத்தகத்துல ஒரு தாளைக் கிழிச்சேன்."

"பத்தொன்பதாம் வாரம்!"

வீரமலை ஒரு கணமும் தாமதிக்கவில்லை. காகிதத்தைக் காப்பாற்ற ஏழு வடைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினான்; மிச்சமிருந்த ஒன்றை அம்மாக்கண்ணு எடுத்துக் கடித்தாள். எண்ணெய் குடித்த தாளைப் பூரணி பறித்து வெளிச்சத்தில் பிடித்தாள். தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. முன்பக்கத்தில் கத்தியோடு கீரிக்கண்ணன். அதன் ஊடே பின்பக்கத்து லொறி.

"இப்ப பாருங்க. அறுக்கிறப்போ அவன் கண்ணு எங்க இருக்கு?"

வீரமலை அருகில் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "நேரா... லொறி மேல."

"தற்செயலா?"

"இல்லீங்க." அவன் கைகூப்பினான். "நான் தோத்துட்டேன். கீரிக்கண்ணன் தங்கமானவன்."

"தங்கமெல்லாம் இல்ல. பாதித் தங்கம்" என்று பூரணி சிரித்தாள்.

பெண் பார்க்க வந்த எவனிடமும் அவள் இதுவரை சிரித்ததில்லை. அழகம்மா கணவனின் இடுப்பில் கிள்ளினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தட்டை எடுங்க!"

பழனியாண்டி வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். "எங்களுக்கு முழுச் சம்மதங்க! எம் பொண்ணை ஒங்க வீட்டுக்குக் குடுக்கிறேன். இந்தாங்க, தட்டைப் புடிங்க!"

அம்மாக்கண்ணுவுக்குப் புரையேறியது. அவள் அண்ணன் மகனைப் பார்த்தாள். அவன் பூரணியைப் பார்த்தான். பூரணி, வாழ்நாளில் முதல் தடவையாக, தரையைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு எண்ணெய்க் கையைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

நாய் மறுபடியும் குரைத்தது.

வாசலில் எட்டுப் பேர். பழத்தட்டு, பட்டுச்சேலை, நனைந்த குடை. முன்னால் நின்ற பெரியவர் மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார்: "வலப்பனையிலேருந்து வர்றோமுங்க. வழியில பஸ் நின்னுபோச்சு. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கே சுணங்கிட்டோம், கோவிச்சுக்காதீங்க."

பழனியாண்டி மெல்லத் திரும்பினார். அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்ப... நீங்க யாருங்க?"

அம்மாக்கண்ணு தட்டை மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள்.

"நாங்க அந்தப் பத்தொன்பதாம் வாரப் புத்தகத்தை எரவல் கேக்கத்தானுங்க வந்தோம். நீங்க பொண்ணையும் சேர்த்துக் குடுத்தப்போ, வேணாம்னு சொல்ல மனசு வரலீங்க!"