காரைக் கீழே இறக்கிட்டு இறுக்குங்க

"அந்த மீசைக்காரன் பேச்சை என் வீட்டுல எடுக்காதே!"

சத்தம் காருக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தது அப்பாவின் இரண்டு கால்கள் மட்டும். கால்கள்கூடக் கோபமாகத்தான் இருந்தன.

"நான் எங்கே எடுத்தேன்? மெக்கானிக் தம்பி சொன்னதைத்தானே சொல்றேன்" என்றாள் அம்மா. "ஜாக்கியில தூக்கி வெச்சிருக்கும்போது போல்ட்டை இறுக்கக் கூடாதாம். காரைக் கீழே இறக்கிட்டு, சக்கரம் தரையில நின்னப்புறம்தான் இறுக்கணுமாம்."

"தம்பியாம் தம்பி! அவன் மீசைக்கே ரெண்டு பிள்ளைங்க இருக்கும்."

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதால் டார்ச் பிடிப்பது என் வேலை. அதனால் நடந்ததை உள்ளபடி சொல்ல முடியும்.

எங்கள் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'கிரீச்' என்று கத்தும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்குப் பெயர் புஷ். அது தேய்ந்துவிட்டது. ஷெட்டில் மெக்கானிக் அதைக் காட்டி விளக்கியபோது அப்பா போனை நோண்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டது அம்மா. கடைசியில் அந்த மனுஷன் சும்மா இருக்காமல், "அக்காவுக்குச் சொன்னவுடனே புரியுது சார்" என்று சொல்லிவைத்தார்.

அன்றைக்குப் பிடித்தது அப்பாவுக்கு வயிற்றெரிச்சல். மறுநாளே மீசை வளர்க்க ஆரம்பித்தார். அது மீசையாகவும் வரவில்லை, அழுக்கு என்று துடைக்கவும் முடியவில்லை.

"இனிமே என் கார் அந்த ஷெட் வாசலை மிதிக்காது. புஷ்ஷை நானே மாத்துறேன்" என்று அப்போதே சபதமும் போட்டார்.

"மாத்தினப்புறமும் கத்துச்சுன்னா?"

"சாவி உன் கையில. நான் பஸ்ல போறேன்!"

அம்மா லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகிறது. ஸ்டீயரிங்கைத் துடைக்க மட்டும்தான் அப்பா விட்டிருக்கிறார். சாவி வந்தால் எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அதனால் நான் யார் பக்கம் என்று கேட்க வேண்டாம்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "அப்பா, கீழே இறக்கிட்டே இறுக்கிடலாமே?"

"உங்கம்மா சொல்லியிருந்தா செய்வேன். இது அவன் சொன்னது. டார்ச்சை நேராப் பிடி!"

ஜாக்கியில் இருக்கும்போதே இறுக்கினார். மெக்கானிக்கின் கழுத்து என்று நினைத்துக்கொண்டு இறுக்கினார்.

கார் கத்தவில்லை. அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு ஷெட் முன்னால் இரண்டு தடவை ஊர்வலம் போனார். மீசையைத் தடவினார். கைக்கு எதுவும் அகப்படவில்லை.

அடுத்த மாதமே ஆரம்பித்தது. முன்பு வேகத்தடையில் மட்டும் கத்தியது, இப்போது கதவைத் திறந்து உட்கார்ந்தாலே கத்தியது. காரைத் தூக்கி வைத்து இறுக்கியதால், கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓட ஓடக் கிழிந்தேவிட்டது.

அப்பா சாவியை மேஜைமேல் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

நான் அம்மாவை அடுப்படியில் பிடித்தேன். "மெக்கானிக் அவ்வளவு தெளிவாச் சொல்லியும் கேக்கலையேம்மா."

"அவர் எங்கேடி சொன்னார்? நான் வீடியோவுல பார்த்தேன்."

"அப்போ நீ பார்த்ததாவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அப்படியே செஞ்சிருப்பாரே!"

மறுநாள் காலை அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பக்கத்தில் நான். முதல் வேலை ஷெட்டுக்குப் போவது. அப்பா பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். வானம் கறுத்திருந்தது.

அம்மா கண்ணாடியை இறக்கினாள். "ஏங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. குடையை எடுத்துக்கங்க. மெக்கானிக் தம்பிகூடச் சொன்னார்."

குடை வாசல் கதவிலேயே தொங்கியது. அப்பா அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.