இரண்டாவது தடவை சுருட்டுக் கேட்டது யார்

மாப்பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற வியாதி ஒன்று உண்டு. மாமியார் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. மாடு ஏன் தீனி எடுக்கவில்லை, மோட்டார் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை, எதுவானாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “பாத்துடலாம்” என்போம். இரண்டாயிரத்து ஏழில் எனக்கு இந்த வியாதி முற்றியிருந்தது. அந்த வருடம்தான் என் மாமனார் எதிராஜ் காலமானார். பதினாறாம் நாள் அவரை நான் பேச வைத்தேன்.

மாமா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து பஸ் சேர்ந்து உறுமினாலும் அதற்கு மேல் ஒலிக்கும் குரல். வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. அவருக்குப் பிடித்தது சுருட்டு. பிடிக்காதது கூட்டம். நாலு பேர் ஒன்றாகப் படியேறினால் எழுந்து தோப்புப் பக்கம் போய்விடுவார். (என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் அவரைத் தோப்பில் தேடிப் பிடித்துத்தான் கொண்டுவந்தார்கள்.)

அந்தக் குரல் அப்படியே அவர் மகன் பாஸ்கரனுக்கு வாய்த்திருந்தது. புது மாப்பிள்ளையாக நான் ஒருமுறை மாமாவுக்கு போன் செய்து, எடுத்த மச்சானிடம் அரை மணி நேரம் பயபக்தியோடு பேசியிருக்கிறேன். அவரும் கடைசிவரை திருத்தவில்லை.

பாஸ்கரன் அமெரிக்காவில் இருந்தார். விசா காகிதம் எங்கோ பாதியில் மாட்டிக்கொண்டதால் அப்பாவின் சாவுக்கு வர முடியவில்லை; கருமாதிக்கும் வர முடியாது என்று ஆகிவிட்டது. கொள்ளி வைத்தவர் மாமாவின் தம்பி, என் மனைவி சுமதிக்குச் சித்தப்பா. புருஷன் போனதைவிட இதற்குத்தான் அத்தை அதிகம் அழுதார்.

“அவன் மூஞ்சிய இவரு பாக்காம பூட்டாரு. படையலையாச்சும் அவன் பாக்கணும். ஏம்பா, கம்ப்யூட்டர்ல காட்டலாமாமே?”

தலை தானாகச் சாய்ந்தது. “பாத்துடலாம் அத்தை.”

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இரண்டு வாரம் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது.

வீட்டில் இன்டர்நெட் வருகிற போன் லைன் கூடத்தில் இருந்தது. படையல் உள்ளறையில். நடுவே ஒரு நீள வயர் இழுத்தால் வேலை முடிந்தது. வயரும் கையுமாக நான் நின்றபோது சித்தப்பா குறுக்கே வந்தார்.

“இன்னா மாப்ள பண்றீங்க? நெலப்படில கம்பி கிம்பி போவக் கூடாது. அண்ணன் வர்ற வழி அது.”

“ஓரமாத்தான் போகுது சித்தப்பா.”

“உசுரோட இருக்கசொல்லயே வழில கெடக்கறது தடுக்கி உழுவாரு. இப்ப காலே தெரியாது. வாணாம்.”

வயரைச் சுருட்டி வைத்தேன். செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போய், வயரில்லாமல் இன்டர்நெட் தருகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டு கொம்பு, நாலு பச்சை விளக்கு. காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், கூடத்தில் தனியாக உட்கார்ந்தேன். போன் பக்கத்தில் பெட்டியை வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மாமாவின் சாய்வு நாற்காலி. பதினைந்து நாளாக அதில் யாரும் உட்காரவில்லை. துணியில் அவர் முதுகின் பள்ளம் அப்படியே இருந்தது. அந்தப் பள்ளத்தில் பெட்டியை வைத்தேன்.

அலுவலகத்தில் இரவல் வாங்கிய லேப்டாப்பைத் திறந்ததும், இணைப்புக்கு ஒரு பெயர் வை என்று கேட்டது. அந்த வீட்டில் ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, வீட்டு வரி, போன் எல்லாமே மாமா பெயரில். கை பழக்கத்தில் ‘எதிராஜ்’ என்று இங்கிலீஷில் அடித்தேன். லேப்டாப் சிறிது நேரம் தேடியது. பிறகு, எதிராஜ் அருகில் இருப்பதாகவும், மிக நன்றாக இருப்பதாகவும் திரையில் சொன்னது. தூக்கம் கலைந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த சுமதி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் பக்கத்து லாட்ஜ்காரர் மணி வந்தார்.

“அண்ணாத்த, எங்க லாட்ஜ்ல ஒரு வெள்ளக்காரன் கம்ப்யூட்டரத் தொறந்தா பெரியவர் பேரு வருது. பக்கத்துலயே கீறாருன்னு காட்டுது.”

“நான்தான் மணி போட்டேன். பயப்படாதீங்க.”

“பயம்லாம் இல்ல. இன்னா வேணும்னு கேட்டுக் குடுத்து அனுப்பிடு. அவ்ளோதான்.”

லேப்டாப்பை உள்ளறை ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன். இணைப்பு கிண்ணென்று இருந்தது. பெருமையோடு அத்தையைக் கூப்பிட்டேன். அத்தையோடு ஏழெட்டு உறவுக்காரர்களும் கூடத்தை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். இணைப்பு செத்தது. அவர்கள் போனார்கள், வந்தது. திரும்ப வந்தார்கள், போனது. மூன்று தடவை இப்படி.

“அவருக்குக் கூட்டம் ஆவாதுப்பா” என்றார் அத்தை, வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற குரலில்.

நான் சிரித்தேன். எல்லோரும் போனபிறகு அந்தச் சிரிப்பு கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றது. வெளியே சவுக்குத் தோப்பு ஊம் என்று இரைந்தது. நாற்காலிப் பள்ளத்தில் பச்சை விளக்கு, மூச்சு விடுகிற கணக்கில் அணைந்து அணைந்து எரிந்தது. (மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் அந்த அலைகளைக் குடித்துவிடும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு நான் செய்தது, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டது.)

மறுநாள் உச்சிப்பொழுது. பாஸ்கரனுக்கு அங்கே நடுநிசி. தலைவாழை இலையில் கருவாட்டுக் குழம்பு, முட்டை, வடை, அதிரசம் என்று மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் விழுந்தது.

“அண்ணி, சுருட்டு?” என்றார் சித்தப்பா.

“அதான் அவர கொண்டுகினு போச்சு. வெக்க மாட்டேன்.”

 நான் என் பங்குக்கு எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தேன். அத்தைக்குக் காது மந்தம் என்பதால் இரண்டு பெரிய ஸ்பீக்கர். பித்தானைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்று, பாஸ்கரன் அழைத்தால் லேப்டாப் தானாகவே எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. ஆனால் வீட்டுக்குள் முப்பது பேர். இணைப்பு மருந்துக்கும் இல்லை. கற்பூரம் காட்டி முடிகிறவரை தட்டினேன், திருகினேன், கொம்பை நிமிர்த்தினேன்.

“லைன் கெடைக்கல அத்தை.”

அத்தை திட்டியிருந்தால் தேவலை. என்னை ஒரு தரம் பார்த்தார், இலையைப் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தார்.

இறந்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் வெளியேறி, வாசற்கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பது அங்கே முறை. பிறகு மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லேப்டாப்பை எடுக்க மறந்து நானும் பந்தலில் வந்து நின்றேன். வெயில் கொளுத்தியது. பந்தல் காலில் ஒரு காகம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

முப்பது பேரும் அசையவில்லை. பிறகு குரல் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத குரல்.

“எங்க எல்லாரும்? யாருமே இல்லையா?”

சித்தப்பாவின் துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“சுருட்டு எங்க?”

நான் அலுவலக ஆண்டு மலரில் மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி மூன்று பக்கம் எழுதியவன். சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் நகர்ந்தபோதெல்லாம் நானும் நகர்ந்தேன். பின்னால் லாட்ஜ் மணி மெதுவாக, “நேத்தே சொன்னேனே, இன்னா வேணும்னு கேளுன்னு” என்றார்.

அத்தை மட்டும் கதவருகே போனார். உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தார்.

“ஏன்யா, பாஞ்சி நாளா ஒரு வார்த்த இல்ல. கனவுல கூட வர்ல. இப்ப வந்து சுருட்டு கேக்கறியா? அதக் குடிச்சிக் குடிச்சிதான என்ன இப்டி உட்டுட்டுப் போன?”

 காகம் தலையைத் திருப்பியது. பிறகு மறுபடியும், ரொம்பத் தாழ்ந்து, ஏறக்குறையக் கெஞ்சுகிற மாதிரி:

“சுருட்டு எங்க?”

“இரு. தரேன்.”

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் பாதி புகைத்து அணைத்த ஒரு சுருட்டு இருந்தது. பதினைந்து நாளாக இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறார். பெற்ற பெண்ணுக்குக்கூடத் தெரியாது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு விசும்பல். “அம்மா? அம்மா, நீயா? நான்தாம்மா, பாஸ்கரு.”

அத்தை சுருட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பிறகு, முறை தவறாமல், மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். எல்லோரும் பின்னால் பாய்ந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் மூளை சரியான நேரத்துக்கு வேலை செய்தது.

“யாரும் உள்ள போகாதீங்க. கூட்டம் சேர்ந்தா போயிடுவாரு.”

இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் அம்மாவும் மகனும் பேசினார்கள், அழுதார்கள். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. வெளியே வந்தபோது அத்தையின் கையில் சுருட்டு இல்லை. இலையில் இருந்தது.

அன்று சாயங்காலம் பாஸ்கரன் போன் செய்தார்.

“எல படத்துல பளிச்சுன்னு தெரிஞ்சுது மாப்ள. ஆளுங்க யாரும் இல்ல, சுருட்டும் இல்ல. அதான் கேட்டேன்.”

“நீங்க ரெண்டாவது தடவ கேட்டப்பதான் மச்சான் எங்களுக்கு உசிரே போச்சு.”

“ரெண்டாவது தடவயா? ஒரு தடவதான கேட்டேன். அம்மா திட்ட ஆரம்பிச்சதும் அழுகை வந்துடுச்சு. அப்புறம் எங்க கேக்கறது?”

அந்தக் காலத்து இணைப்பில் எதிரொலி சகஜம், அனுப்பியது தாமதமாகத் திரும்ப ஒலிக்கும் என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். பெட்டியை நாலு தடவை மாற்றியாயிற்று; பெயரை மாற்ற அத்தை விடவில்லை. பேரப்பிள்ளைகள் படியேறியதும் அவர்கள் போன் ‘எதிராஜ்’ கிடைத்துவிட்டதாகச் சொல்கிறது. சித்தப்பா, திதிக்குத் திதி கதவைச் சாத்துவதற்கு முன், போன் கீன் ஒளித்து வைத்திருக்கிறேனா என்று என் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்.

அந்த வீட்டில் மிக்சியோ இன்வெர்ட்டரோ எது கெட்டாலும் காரணத்தை நான்தான் இன்றும் விளக்குகிறேன். அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. முழுக்கக் கேட்டு, தலையாட்டிவிட்டுக் கடைசியில் சொல்வார்: “எல்லாம் சரிப்பா. ரெண்டாவது தடவ சுருட்டு கேட்டது யாரு?” வீடே சிரிக்கும்.

நான் தலையைச் சாய்ப்பதில்லை இப்போதெல்லாம். நாற்காலிப் பக்கம் பார்க்காமல் சொல்லிவிடுகிறேன்.

“எனக்குத் தெரியாது அத்தை.”