கதிர்காமத்தம்பி கண்ட தகரை

ஓர் இலையை நீட்டி, "இது என்ன செடி?" என்று கேட்டவரிடம் "தெரியாது" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்?

கதிர்காமத்தம்பி ஒருநாளும் சொன்னதில்லை. செங்கலடிக்கு அப்பால் வாவிக்கரை ஊரொன்றின் சங்கத் தலைவரான அவர், பெயர்சொல்லிகள் என்ற இனத்தவர். இந்த இனம் செடியைப் பார்க்காது, கேட்டவரின் முகத்தைப் பார்க்கும். இலையைக் கசக்கும், முகரும், கண்ணை மூடும், சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்தும்வரை காத்திருந்து ஒரு பெயரை உதிர்க்கும். பெயர் சரியா? அது வேறு விசயம்.

மாரி வெள்ளம் வளவை அரிக்காதிருக்க, அதே ஊர் மேர்லின் தன் வேலியோரம் ஆவரசு என்னும் ஆவாரை விதைத்தார். விதையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்ததைத் தலைவர் கண்டார்.

"அவிச்ச விதை முளைக்குமா புள்ள?"

முளைத்தது. இடுப்பளவு வளர்ந்ததும் தலைவர் மறுபடி வந்தார்.

"இது தகரை. வெறும் களை."

"தகரைக்கு மூணு சோடி இலைதானே அண்ணன். இதில பத்துச் சோடி இரிக்கு. காம்படியில காது மாதிரி ஒண்டு, பாருங்க."

"இலைய எண்ணியா பேர் வைக்கிற? தகரைதான்."

அடுத்த சிரமதானத்தில் ஊர் திரண்டு தகரையைப் பிடுங்கியது. வேரோடு வந்தவை வாவியில் மிதந்தன. கடைசிச் செடியின் முன்னால் மேர்லின் நின்றுகொண்டார்.

"இது பூக்கட்டும். மறுகா பேசுவம்."

"பூத்தாலும் தகரைதான்" என்றார் தலைவர், குடைக்குள்ளிருந்து.

பிறகு மரநடுகை விழா வந்தது. நாற்றுமேடையில் வாங்கிய ஆவரசுக் கன்றுகளைத் தலைவர் அதே வேலியோரம், அதே குழிகளில் நட்டு, சுதேசச் செடிகளை அழிக்கும் மூடர்களைக் கண்டித்து நீண்ட நேரம் பேசினார். மேர்லின் தன் செடியில் ஒரு கிளை ஒடித்து, புதிய கன்றின் பக்கத்தில் பிடித்தார். அதே இலை. அதே காது.

கன்று கொண்டுவந்த றமீஸ் குனிந்து பார்த்தார். "தலைவர், ரெண்டும் ஒரே மாதிரி இரிக்கே?"

"மாதிரிதான்" என்றார் தலைவர். கூட்டம் கை தட்டியது.

அந்தக் கடைசிச் செடியில் இப்போது மொட்டு. அதையும் பிடுங்குவதா என்று ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கை உயர்த்தச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள். ஆவரசு எது, தகரை எது என்று உங்களுக்கு எப்போதோ தெரியும் என்று தலையாட்டிக்கொண்டே இதைப் படித்தீர்களா? அப்படியானால் உங்களிடம்தான் கேட்கிறேன்: கையை உயர்த்துமுன் வேலியோரம் ஒருமுறை போய்க் குனிந்து பாருங்கள். அப்போதும் விளங்காவிட்டால் எழுந்து நின்று, "எனக்குத் தெரியா, பூக்கட்டும்" என்று சொல்லுங்கள்.